வெள்ளை அடிக்க வேணாம்னு சொன்னவ

அவ பேரு வேணாம். சொன்னேன்னா யாராவது போன்ல காட்டி, "உன் பழைய வீட்டுக்கார அம்மா உன்னைப் பத்தி என்ன சொல்லியிருக்குது பாரு"ன்னு படிச்சுக் காட்டுவாங்க. அவளுக்குக் கோவம் வராது, அது வேற விஷயம். கோவமே வராதவங்களைத்தான் நான் எப்பவும் கொஞ்சம் உத்துப் பாக்கறது. மனுஷின்னா கோவம் வரணும். எனக்கு வருது. எங்க வீட்டுக்காரருக்குக் கூட தீபாவளி பொங்கலுக்கு ஒரு தடவை வருது.

கருவடிக்குப்பத்துல எங்க வீடு. கீழ நாங்க ரெண்டு பேரும், மேல வாடகைக்கு. ஒரு ஹாலு, ஒரு ரூமு, ஒரு சமையல் ரூமு. முன்ன இருந்த குடும்பம் காலி பண்ணிட்டுப் போனதும் இவ வந்தா. ஒண்டி ஆளு. நாப்பதை ஒட்டி வயசு இருக்கும். நூல் புடவை, தோள்ல ஒரு துணிப்பை, காதுல பொட்டு மாதிரி தோடு, கழுத்துல ஒண்ணும் இல்ல. கழுத்துல ஒண்ணும் இல்லன்னா நாலு விதமா நினைக்கலாம். நான் நாலையும் நினைச்சுப் பார்த்தேன்.

"எந்த ஊரும்மா?"ன்னு கேட்டேன்.

"இங்கதான்க்கா, பக்கத்துல."

"பக்கத்துலன்னா? உழவர்கரையா, வில்லியனூரா?"

"அங்கெல்லாம் கூட இருந்திருக்கேன்க்கா."

இது ஒரு பதிலா, சொல்லுங்க. என்ன வேலைன்னு கேட்டதுக்கு மட்டும் நேரா சொன்னா. வீட்டுல உக்காந்தே கம்ப்யூட்டர்ல படம் போடுற வேலையாம். யாருக்குப் போடுறேன்னு கேட்டேன். கேக்குறவங்களுக்குன்னா.

குடித்தனம் மாறும்போது வெள்ளை அடிக்கிறது எல்லா ஊரு வழக்கமும்தான். வர்றவங்க கேப்பாங்க, நாம கொஞ்சம் இழுப்போம், கடைசியில ஒரு கோட்டு அடிச்சுக் குடுப்போம். இவ மாடிக்குப் போனா, நேரா சுவத்துக்கிட்ட போனா. மாடு வாங்க வந்தவன் மாட்டைத் தடவிப் பாக்கற மாதிரி தடவினா. ஹால்ல மேற்கால சுவத்துல ஓதம் ஏறி, மஞ்சளும் பழுப்புமா பெரிய கறை. ஜன்னல் மூலையில இருந்து கூரை வரைக்கும் முடி மாதிரி ஒரு வெடிப்பு. வாசக்கதவுக்கு எதுர் சுவத்துல தரை வரைக்கும் இன்னொண்ணு. முன்ன இருந்தவங்க புள்ள கலர் பென்சில்ல கிறுக்கினது கீழ இடுப்பு உயரத்துக்கு. எனக்கே வெக்கமாப் போச்சு. நானே முந்திக்கிட்டு, "இந்த வாரத்துலியே ஆளு விட்டு வெள்ளை அடிச்சுடறேம்மா"ன்னேன்.

"வேணாம்க்கா. அப்படியே இருக்கட்டும்."

"உன்னைக் காசு கேக்கலம்மா. அது எங்க செலவு."

"தெரியும்க்கா. அப்படியே இருக்கட்டும்."

எங்க வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். மிச்சம்தானேன்னாரு. "ஏங்க, எந்தக் குடித்தனக்காரியாவது வெள்ளை அடிக்காதேன்னு சொல்லுவாளா? பொண்ணு பாக்க வந்தவன் பொண்ணு மூஞ்சி கழுவ வேணாம்னு சொன்ன மாதிரி இருக்குது. இதுல என்னமோ இருக்குது"ன்னேன். "நீ எதுலதான் என்னமோ இல்லன்னு சொல்லியிருக்கே"ன்னுட்டு அவரு பேப்பரை எடுத்துக்கிட்டாரு.

அந்த ஒரு வார்த்தைதான் அவ. அப்படியே இருக்கட்டும். எதை மாத்தப் போனாலும் அதைச் சொல்லுவா. முன்ன இருந்தவங்க விட்டுட்டுப் போன பழைய காலண்டர் தொங்குது, தேதி கிழிக்காம. எடுத்துடட்டுமான்னா, அப்படியே இருக்கட்டும். ஹால் லைட்டு மங்கலா எரியுது, வேற மாட்டட்டுமான்னா, அப்படியே இருக்கட்டும். பொங்கலுக்கு ஊரே வீட்டைக் கழுவுது, நானும் தொடப்பமும் ஒட்டடைக் குச்சியுமா மேல போறேன். கதவை அடைச்ச மாதிரி நின்னுக்கிட்டு, சிரிச்ச முகத்தோட, "தரையை நான் தொடைச்சிட்டேன்க்கா, சுவரு மட்டும் அப்படியே இருக்கட்டும்"ங்கிறா. போகிக்குக் கூட எதையும் தூக்கிப் போடாத பொம்பளையை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

ஒரு தடவை மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போற வழியில, கதவு திறந்திருந்துச்சு, உள்ள நுழைஞ்சேன். ஹால் நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேரு. வழியில கெடக்குதேன்னு நவுத்தி ஓரமா வெச்சேன். அவ சமையல் ரூமுல இருந்து வந்தா, சேரைத் தூக்கி மறுபடியும் அதே எடத்துல வெச்சா. வெக்கும்போதுதான் பார்த்தேன், நாலு காலுக்கும் தரையில சாக்பீஸ்ல நாலு வட்டம் போட்டு வெச்சிருக்கா. கீழ வந்ததும் வாசப்படிக்கு மேல ரெண்டு எலுமிச்சம்பழம் கட்டினேன். எங்க வீட்டுக்காரரு பார்த்துட்டு, எதுக்குன்னு கேக்கலை.

மழைக்காலத்துல இன்னொண்ணு. ஓதச் சுவரு ஓரமா கூரையில இருந்து சொட்டுச் சொட்டா ஒழுகியிருக்குது. இவ வாளியை வெச்சுக்கிட்டு, நாள்கணக்கா வாய் திறக்கலை. அவ வாளியைக் கொட்டும்போது கீழ தெறிச்சுத்தான் எனக்கே தெரியும்.

"ஏம்மா, ஒழுகுதுன்னா சொல்ல மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீங்க உடனே ஆளைக் கூட்டியாந்து பூசிடுவீங்கக்கா."

"பூசாம? கூரை தலையில விழட்டும்னு பாக்கறியா?"

"மேல தளத்துல மட்டும் அடைச்சுடுங்கக்கா. உள்சுவத்தைத் தொட வேணாம்."

தொட வேணாமாம். என் வீட்டுச் சுவத்தை நான் தொட வேணாமாம்! வந்த ஆத்திரத்துல ரெண்டு நாளு அவகிட்ட பேசலை. மூணாவது நாள் கருவாட்டுக் குழம்பு வெச்சேன், வாசனை மேல போகும், தனியா இருக்கறவ, மனசு கேக்கலை, ஒரு கிண்ணத்துல குடுத்தனுப்பினேன். அவ ஒருநாளும் கிண்ணத்தை வெறுசாத் திருப்பித் தந்ததில்ல. ஒரு நாளு நாலு நெல்லிக்காய் இருக்கும், ஒரு நாளு கொஞ்சம் வெல்லம், ஒண்ணுமே இல்லன்னா ஒரு பிடி சர்க்கரை. ஒழுங்கான குடும்பத்துல வளந்தவதான்னு தெரிஞ்சுது. அப்ப ஏன் ஊரைச் சொல்ல மாட்டேங்கிறா? அவளை எனக்குப் பிடிச்சுப் போச்சு, அதை ஒத்துக்கறேன். பிடிச்சுப் போனதால சந்தேகம் இன்னும் கூடிப் போச்சு. பிடிக்காதவ எப்படிப் போனா நமக்கென்ன.

நான் எதுக்கு இப்படி மல்லுக்கட்டறேன்னு உங்களுக்குத் தோணும். காரணம் இருக்குது. அந்த வீடு என் மாமனாரு மில்லுல ஷிப்டு ஷிப்டா நின்னு கட்டினது. நான் வாழ வந்தப்ப மாடி கிடையாது. மாடி எழுப்பும்போது சித்தாளோட சித்தாளா செங்கல்லு தூக்கினவ நான். ஆனா வீடு எங்க வீட்டுக்காரரு பேருலயும் என் கொழுந்தன் பேருலயும் சேர்ந்து இருக்குது. கொழுந்தன் சொல்தா வீட்டுப் பொண்ணைக் கட்டிக்கிட்டு, அவங்க பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் குடும்பம், பாரீசு பக்கம் போயி செட்டில் ஆனவன். பேச்சுல மரியாதைக்குக் குறைச்சலே இருக்காது. "அண்ணி, சாப்டீங்களா அண்ணி, உடம்பு எப்படி அண்ணி"ம்பான். அப்புறம் மெதுவா ஆரம்பிப்பான். பழைய வீடு, எப்ப விழும்னு சொல்ல முடியாது, ஒருத்தரு அடுக்குமாடி கட்டக் கேக்குறாரு, வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். எங்க வீட்டுக்காரரு கையெழுத்துப் போட்டாத்தான் விக்க முடியும். அவரு தம்பி பேச்சைக் கேட்டா உருகிடுவாரு. நான் நடுவுல நின்னுக்கிட்டு இருந்தேன். நான் அந்த எடத்தை விட்டு நவுந்தா வீடு போச்சு.

இப்படி இருக்கும்போது, ஒரு நாளு படியில இருந்து பாக்கறேன், இவ போனை நெஞ்சு உயரத்துக்குப் பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கறா. சுவத்தை ஒட்டி, ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு, ஆடாம அசையாம. ஓதத்துக்கு எதுர்ல நின்னா. வெடிப்புக்கு எதுர்ல ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் ஒரு ஸ்கேலை எடுத்து வெடிப்புப் பக்கத்துல ஒட்டி வெச்சுப் போட்டோ எடுத்தா. ஸ்கேலு வெச்சு! படம் போடுறவளுக்கு வெடிப்போட அளவு எதுக்கு? எனக்குப் பொட்டுன்னு உறைச்சுது. அந்த வாரம்தான் கொழுந்தன் போன்ல, "மாடியில அந்த ஜன்னல் பக்கத்து வெடிப்பு இன்னும் இருக்குதா அண்ணி?"ன்னு கேட்டிருந்தான்.

"அவன் பொறந்து வளந்த வீடு. அவனுக்குத் தெரியாதா?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"மாடி எழுப்பினப்ப அவன் எங்க இருந்தான்? அதுக்கு மின்னாடியே பிளேன் ஏறிட்டான். அப்புறம் வந்தது ஒரே ஒரு தடவை."

"அப்ப அந்த ஒரு தடவை பார்த்திருப்பான்."

"அப்ப பார்த்ததை ஏன் இப்ப கேக்குறான்?"

நான் நேரா மேல போனேன். "உன்னை யாரு அனுப்பினாங்க? உண்மையைச் சொல்லு"ன்னேன்.

அவ சிரிக்கலை, பயப்படலை. "யாரும் அனுப்பலைக்கா. நான் ஒரு கேலரி செய்யறேன்"ன்னா.

"என்ன கேலரி?"

"படம் மாட்டி வெச்சு நாலு பேரு வந்து பாக்கற எடம்."

"எங்க படம்? சுவரு மொட்டையா இருக்குது."

"போன் வழியா பார்த்தா தெரியும்க்கா. சும்மா கண்ணுக்குத் தெரியாது. சுவத்துக்கு மேலயே படம் நிக்கும். ஏ.ஆர்.னு சொல்லுவாங்க."

"அதுக்கு ஏன் வெள்ளை அடிக்கக் கூடாது?"

"புதுச் சுவத்துல போனுக்கு ஒண்ணும் பிடிபடாதுக்கா. எல்லா எடமும் ஒரே மாதிரி இருக்கும், அதுக்கு எடம் தெரியாது. கறை, வெடிப்பு, கிறுக்கல் இருந்தாத்தான் இது இந்த வீடு, இந்தச் சுவரு, இந்த மூலைன்னு கண்டுபிடிக்கும். அதனாலதான் எதையும் மாத்த விடலை. இந்தாங்க, பாருங்க."

போனை நீட்டினா. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். போனைத் தொட்டா எதுக்குச் சம்மதம்னு நாம சொன்னோம்னே தெரியாத காலம் இது. எங்க தெருவுலயே ஒருத்தி எதையோ அமுக்கி, பேங்குல இருந்ததெல்லாம் போயி வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டு அழுதா. "எனக்கு வேணாம். உன் படத்தை நீயே பாத்துக்க"ன்னுட்டு இறங்கிட்டேன். அவ வற்புறுத்தலை. வற்புறுத்தியிருந்தா கூட ஏமாத்துக்காரின்னு ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

அப்புறம் ஞாயித்துக்கிழமையில ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. காலேஜு புள்ளைங்க, ஜிப்பா போட்டவங்க, ஒரு வெள்ளைக்கார அம்மா. எல்லாரும் செருப்பைக் கீழயே விட்டுட்டு, கோயிலுக்குப் போற மாதிரி சத்தம் போடாம படி ஏறுவாங்க. வெறும் சுவத்துக்கு எதுர்ல போனைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. ஒருத்தன் "ஐயோ"ம்பான். ஒருத்தி கண்ணைத் தொடைச்சுக்குவா. மொட்டைச் சுவத்தைப் பார்த்து எதுக்கு அழணும்? நான் படிக்கட்டுல நின்னுக்கிட்டு ஒவ்வொரு மூஞ்சியா பார்ப்பேன். இதுல எவன் எஞ்சினீயரு, எவன் புரோக்கரு, எவன் கொழுந்தனுக்குத் தெரிஞ்சவன்னு. வெள்ளைக்கார அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்து "மெர்சி மதாம்"னுது. எனக்கு எதுக்கு நன்றி சொல்லுதுன்னு நான் அன்னிக்கு பூரா யோசிச்சேன்.

எதிர்வீட்டு அம்மா ஒரு தடவை மேல போயி பார்த்துட்டு வந்து, "ஏன்டி, உன் வீட்டுச் சுவத்துல படகு ஓடுதுடி. நீ ஏன் போயி பாக்க மாட்டேங்கிறே?"ன்னா.

"ஓடட்டும். சுவரு ஓடாம இருந்தா சரி"ன்னேன்.

ஒரு நாளு கொழுந்தன் பேசறதுக்குப் பதிலா ஒரு வீடியோ அனுப்பினான். எங்க வீட்டுக்காரரு போனுக்கு வந்துச்சு. பாக்கறோம், எங்க மாடி ஹாலு. யாரோ போனால பாக்கும்போது எடுத்தது. முதல்ல வெறும் சுவரு. ஓதத்தை நல்லா கிட்டப் பிடிச்சு எடுத்திருக்குது, வெடிப்பைக் கீழ இருந்து மேல வரைக்கும் மெதுவா எடுத்திருக்குது. அப்புறம் திடீர்னு கலரா என்னமோ மேல வந்துச்சு, அதை நான் பாக்கலை, எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. உடனே போன் அடிச்சுது.

"அண்ணி, நான் சொன்னா நீங்க நம்பலை. இப்ப ஊரே பாக்குது நம்ம வீடு எந்த நிலைமையில இருக்குதுன்னு. இங்க என் கூட வேலை செய்யறவன் காட்டறான். எனக்கு அசிங்கமா இருக்குது."

"வெடிப்பு எல்லா வீட்டுலயும்தான் இருக்குது தம்பி."

"நாளைக்கு இடிஞ்சு விழுந்து யாராவது செத்தா? நான் அடுத்த வாரம் வரேன் அண்ணி. ஒரு எஞ்சினீயரைக் கூட்டியாறேன். அவரு ஆபத்தான கட்டடம்னு எழுதிக் குடுத்துட்டா இடிச்சுத்தான் ஆவணும். அதுக்கப்புறம் அண்ணனும் தடை சொல்ல மாட்டாரு."

அண்ணன் ஏற்கெனவே தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வெறும் மனையா ஆயிட்டா விக்காம என்ன பண்றது? நான் படியில ஏறினது எனக்கே நினைப்பு இல்ல.

"சந்தோசமா?"ன்னு கத்தினேன். "எவ்ளோ வாங்கினே அவன்கிட்ட? என் சோத்தைத் தின்னுட்டு என் வீட்டுக்கே உலை வெச்சுட்டியே பாவி!"

வீடியோவைக் காட்டினேன். அவ பார்த்தா. முகம் செத்துப் போச்சு. "இது நான் எடுத்தது இல்லக்கா. வந்தவங்க யாரோ எடுத்திருக்காங்க. உங்க கொழுந்தனாரை எனக்குத் தெரியாதுக்கா"ன்னா. நான் நம்பலை. இன்னிக்கும் அந்த வீடியோ எப்படி அவன் கைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. அவதான்னு சொல்லவும் முடியாது, அவ இல்லன்னு சத்தியம் பண்ணவும் முடியாது. சந்தேகப்பட்டது தப்புன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். என் எடத்துல யாரு இருந்தாலும் பட்டிருப்பாங்க.

எங்க வீட்டுக்காரரு முதல் தடவையா ஒரு உருப்படியான காரியம் பண்ணினாரு. தெரிஞ்ச மேஸ்திரியைக் கூட்டியாந்தாரு. மேஸ்திரி சுத்தியல் பின்பக்கத்தால தட்டித் தட்டிப் பார்த்துட்டு, "கட்டடத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. இதெல்லாம் பூச்சு வெடிப்பு. பழைய பூச்சு ஓதத்துல உப்பிப் போயிருக்குது. மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசினா கல்லு மாதிரி நிக்கும். எஞ்சினீயரு வந்தா நான் செங்கல்லைக் காட்டியே பேசுவேன்"னாரு.

"மேலாக்கப் பூசிடக் கூடாதா மேஸ்திரி?"ன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு.

"அப்படிப் பூசினா மறுபடியும் அதே எடத்துல வெடிக்கும். வர்றவரு தட்டிப் பார்த்தா டொப்பு டொப்புன்னு சத்தம் வரும். மறைச்சு வெச்சிருக்காங்கன்னு ஆயிடும். ஒரு சின்ன வெடிப்பைக் கூட விடக் கூடாது."

அவ ஜன்னல்கிட்ட நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. நான் அவ வாயைப் பார்த்தேன். அவ அந்த வார்த்தையைச் சொல்லுவா, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்னு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டேன்.

"எப்ப ஆரம்பிக்கணும்க்கா?"ன்னா.

"நாளைக்கே."

"சரிக்கா."

அவ்ளோதான். எனக்கு அது இன்னும் சந்தேகமாப் போச்சு. பெருக்கவே விடாதவ கொத்தறதுக்கு எப்படி ஒத்துக்கறா? "அப்ப உன் படமெல்லாம்?"ன்னேன்.

"போயிடும்க்கா."

"கம்ப்யூட்டர்ல இருக்கும் இல்ல? வேற வீட்டுல வெச்சுக்க வேண்டியதுதானே."

"இருக்கும். ஆனா வேற எங்கயும் பொருந்தாதுக்கா. இந்த வெடிப்பு எப்படி வளையுதோ அப்படி வளைச்சுப் போட்டது. வருஷம் பூரா போட்டது." ஜன்னல் கதவைச் சாத்திட்டு வந்தா. "இது உங்க வீடுக்கா. நான் குடியிருக்கத்தான் வந்தேன்"ன்னா.

முதல்லியே சொல்லிடறேன், வீடு போகலை. கொழுந்தன் வந்தான், எஞ்சினீயரு வந்தாரு, தட்டினாரு, தடவினாரு. மேஸ்திரி புது பூச்சையும், கொத்தும்போது எடுத்து வெச்ச போட்டோவுல உள்ள செங்கல்லையும் காட்டினாரு. நல்ல கட்டடம்னு சொல்லிட்டுக் காபி குடிச்சுட்டுப் போனாரு. கொழுந்தன் எனக்கு ஒரு சென்ட்டு பாட்டிலைக் குடுத்துட்டு பிளேன் ஏறினான். அவளும் அந்த மாசமே காலி பண்ணிட்டா. வழுவழுன்னு இருக்கற சுவத்துல அவளுக்கு வேலை இல்ல. எங்க போறேன்னு கேட்டதுக்கு, பக்கத்துலதான்க்கான்னா. ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல, கொத்தின அன்னிக்கு நடந்தது.

காலையில மேஸ்திரி வந்து சாக்கை விரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவ சாமானையெல்லாம் ரூமு நடுவுல குவிச்சு வெச்சு, பழைய புடவையால போத்தியிருந்தா. கையில போன் மட்டும். நான் என்ன நினைச்சேனோ, "குடு, பாக்கறேன்"னேன்.

போனை என் கையில வெச்சு, முழங்கைக்குக் கீழ தன் கையைக் குடுத்து, உயரத்துக்குத் தூக்கிப் பிடிச்சா.

ஓதக் கறை இருந்த எடத்துல படகு சவாரி விடுற நோணாங்குப்பம் கழி. பழுப்புத் தண்ணி மேல வெயில். ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்ட ஜனங்களை ஏத்திக்கிட்டு படகு போவுது, ஒவ்வொரு மூஞ்சியும் தனித்தனியா தெரியுது. ஜன்னல் மூலை வெடிப்பு ஒரு கரண்டு கம்பி. அதுல வரிசையா காக்கா, நடுவுல ஒண்ணு மட்டும் தலையைச் சாய்ச்சு என்னைப் பாக்குது. கீழ அந்தப் புள்ள கிறுக்கினது ஆட்டு மந்தை. நான் எந்தப் பக்கம் நவுந்தாலும் அது அங்கியே நிக்குது, நிஜமா சுவத்துல இருக்கற மாதிரி. நான் வாயைத் திறந்துக்கிட்டு ஒரு சுத்து சுத்தினேன். வாசக்கதவுக்கு எதுர் சுவத்துல வந்து நின்னேன்.

அங்க ஒரு பொம்பள. ஆளு உயரத்துக்கு. இடுப்புல ஒரு கை, இன்னொரு கையில தொடப்பம். முந்தானையை இழுத்துச் சொருகியிருக்கா. கண்ணு ரெண்டும் படிக்கட்டைப் பார்த்து முறைக்குது. தலைக்கு மேல இருந்து தரை வரைக்கும் வர்ற வெடிப்புதான் அவ புடவைக் கரை. வந்தவங்க எல்லாரும் கீழ என்னைத் தாண்டி மேல வந்து முதல்ல பார்த்தது அவளைத்தான்.

"நான் இவ்ளோ கோவமாவா இருக்கேன்?"ன்னேன்.

"ஆமாக்கா"ன்னா. "இல்லன்னா இந்த வீட்டை எப்பவோ வித்திருப்பாங்க."

கொழுந்தன் விஷயத்தை நான் அவகிட்ட வாய் திறந்து முழுசா சொன்னதே இல்ல. கீழ நாங்க போடுற சண்டையெல்லாம் மேல கேட்டிருக்கும்போல. என்னை யாரும் அப்படிப் பார்த்ததே இல்ல. ராட்சசின்னு பார்த்திருக்காங்க, சண்டைக்காரின்னு பார்த்திருக்காங்க. கட்டிக்கிட்டவரு கூட அப்படிப் பார்க்கலை.

"எங்கிருந்தும்மா ஆரம்பிக்கட்டும்?"னாரு மேஸ்திரி.

"இந்தச் சுவரு மட்டும் இருக்கட்டும் மேஸ்திரி"ன்னு என் வாயில வந்துடுச்சு. "இதுல அவ்ளோ ஒண்ணும் இல்ல. மத்ததைப் பாருங்க."

"இல்லண்ணா"ன்னு அவ குறுக்க வந்தா. "இதுலதான் பெரிய வெடிப்பு இருக்குது. கதவைத் திறந்ததும் வர்றவங்க கண்ணுல இதுதான் படும். இதை முதல்ல எடுத்துடுங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தாரு. நான் ஒதுங்கி நின்னேன். அவரு உளியை வெச்சு ஓங்கி அடிச்சாரு. போன்ல அந்தப் பொம்பள ஒரு தடவை ஆடினா. இன்னொரு அடி. பூச்சு பெருசா பேந்து விழுந்துச்சு. அவ சர்ருன்னு கூரைக்கு ஏறினா, திரும்பி இறங்கி வந்து கோணலா ஒரு நிமிஷம் நின்னா, தொடப்பம் எங்கியோ போச்சு. மூணாவது அடியில போன்ல வெறும் செங்கல்லும் தூசியும்தான் இருந்துச்சு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. வீடு போயிடும்னு தெரிஞ்ச அன்னிக்குக் கூட நான் அப்படி அழலை.

தொடைச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்கறேன், அவ என் பக்கத்துல இல்ல. அடுத்த சுவத்துக்கிட்ட போயி நின்னுக்கிட்டு, தலையில தூசு விழ விழ, கையால சுவத்தைத் தடவித் தடவி மேஸ்திரிக்குக் காட்டிக்கிட்டு இருக்கா. "அண்ணா, இங்க ஒண்ணு இருக்குது. கண்ணுக்குத் தெரியாது, கை வெச்சுப் பாருங்க. அதோ அந்த ஷெல்புக்குக் கீழ ரெண்டு. கம்பி மாதிரி போவுது பாருங்க, அது கதவு நிலைக்குப் பின்னால வரைக்கும் இருக்குது, அங்கயும் கொத்துங்க." மேஸ்திரி, "எம்மா, எனக்கே தெரியலையே இதெல்லாம்"னாரு. மத்தியானம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவ அப்படியே ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே வந்தா. ஒண்ணைக்கூட அவ விடலை.